தையல்காரியின் மூடாக்கு

1

எங்கள் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. அது வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கற்பனையில் ஒரு தையல்காரி வந்து நின்றாள். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான்.

2

மழை விட்ட ஒரு காலையில் தையல்காரி தன் தோட்டத்தை

(வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகள் எனக்கே அலுத்துவிட்டன.)

நேராகவே சொல்கிறேன். அவள் கணவர் லாரி டிரைவர். முதுகில் ஆபரேஷன் செய்து, இனிக் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் அவர் நட்ட கத்தரியும் வெண்டையும் இருந்தன. அவற்றைப் பார்க்கத்தான் மனுஷன் படுக்கையை விட்டு எழுந்து வருவார். களையோ தாறுமாறாக மண்டிக் கிடந்தது. வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

"ஏம்மா, அடுத்த மாசம் வருவேன். அதுக்குள்ள இந்தக் காடு போகலன்னா மொத்தமா சிமெண்ட் போட்டுடுவேன்."

3

அவள் மூடாக்குப் போட்டாள்.*

* களையை அறுத்து, மண்ணை நனைத்து, செடிகளுக்கு நடுவே அட்டை பரப்பி, மேலே வைக்கோல் தூவ வேண்டும். வெளிச்சம் கிடைக்காமல் களை செத்துப்போகும், அட்டையும் நாளடைவில் மக்கிவிடும். ஆனால் ஓர் அட்டை அடுத்ததன்மேல் ஒரு சாணாவது ஏறியிருக்க வேண்டும். இது அவளுக்குத் தெரியாது.

துணியை வீணாக்கத் தெரியாத கை அது. அந்த ஃபிரிட்ஜ் பெட்டியின் அட்டைகளை அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தாள். பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்த கணவர், "தோட்டத்துக்கே சட்டை தைச்சுட்டியே!" என்றார்.

4

களை அந்த விளிம்புகளின் வழியே வந்தது, வரிசை வரிசையாக. பள்ளிச் சீருடைத் தையல் தலைக்குமேல் கிடந்ததால் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. கணவர் மட்டும் தினமும் படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு ஆசையா வெட்டி வெச்ச. சொல்ல மனசு வரல," என்றார், வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் வந்து நின்ற பிறகு.

இந்த இடத்தில் ஒரு முடிவு எழுதினேன். சிமெண்ட் மூட்டைகள் வந்து இறங்கின, லாரி டிரைவர் உள்ளே போய்ப் படுத்தவர் எழுந்து வரவே

கிழித்துப் போட்டேன். அவ்வளவு கல்நெஞ்சம் எனக்கு இல்லை.

5

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். (முதலில் பேங்க் மேனேஜராக இருந்தார். வேண்டுமென்றேதான் மாற்றினேன்.) தோட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"பரவால்லையே! நூல் பிடிச்ச மாதிரி விதைச்சிருக்கீங்க. என்ன கீரை இது?"

அவள் கணவரைப் பார்த்தாள். கணவர்தான் சமாளித்தார். "அது... நாட்டு ரகம் சார்."

"இவ்வளவு அக்கறையா பாத்துக்கிறீங்க, அப்புறம் சிமெண்ட் எதுக்கு? விடுங்க."

அப்பாடா! அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். எழுதிக்கொண்டிருந்த எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

கிளம்பியவர் திரும்பினார். "வளர்ந்ததும் எனக்கும் ஒரு கட்டு குடுங்கம்மா. சமைச்சுப் பாக்கிறேன்."

6

"சரி சார்" என்று அவளைச் சொல்ல வைக்கலாம். உண்மையைச் சொல்ல வைக்கலாம். இரண்டையும் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். ஏனென்றால், அவளுக்குப் பின்னால் அவள் கணவர் ஒரு கையால் முதுகையும் மறு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

வீட்டுக்காரர் பதிலுக்குக் காத்திருக்கிறார். அவள் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்களே சொல்லிக்கொடுங்கள். அவசரமில்லை, அந்த மனுஷன் சிரித்து முடிக்கட்டும்.