சேசம்மாள், முஸ்லிம், வயது நாற்பத்திமூன்று

முதல் மாதம் தள்ளிப்போனபோது சேசம்மாள் சந்தோஷப்பட்டாள். வயது நாற்பத்திமூன்று. இனி அந்தத் தொல்லை நின்றுவிட்டது என்று முடிவு கட்டி, மிச்சமிருந்த நாப்கின் பாக்கெட்டை மகள் ரெபேக்காவிடம் கொடுத்தாள். இரண்டாவது மாதமும் வராதபோது சந்தோஷம் உறுதிப்பட்டது. ஆனால் ஒரு திங்கட்கிழமை காலையில், தாராவியில் அவள் வேலை பார்க்கும் பை தைக்கும் கார்கானாவில், ரெக்ஸின் வாடை குடலைப் பிரட்டியது. இருபத்தைந்து வருஷமாக அந்த வாடையில்தான் உட்கார்ந்து ஜிப் தைக்கிறாள். இதுவரை இரண்டே தடவைதான் அது அவளுக்குக் குமட்டியிருக்கிறது. ஒரு தடவை ஆன்றோ பிறந்தான், ஒரு தடவை ரெபேக்கா பிறந்தாள்.

சோதனைப் பட்டையைத் தாராவியில் வாங்க வழியில்லை. மருந்துக்கடைக்காரன் பில் போடுவதற்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிடும். மாட்டுங்கா வரை போய் வாங்கி வந்தாள். இரண்டு கோடு விழுந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்போதும் இரண்டுதான்.

வீடு பத்துக்குப் பன்னிரண்டு. இரவில் நால்வரும் படுத்தால் ஒருவர் புரளும்போது மற்ற மூவரும் புரள வேண்டும். அவளுக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. கூரியர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட ஆன்றோவுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரே வரிசையில் தடுப்பூசிக்கு நிற்பதை அவள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

புருஷன் தனசீலனிடம் அவள் சொல்லவில்லை. அதே கார்கானாவில் கட்டிங் வேலை பார்க்கிறவன், நல்ல மனுஷன். ஆனால் அவன் காதில் காலையில் விழுந்த சேதி சாயங்காலத்துக்குள் மாஹிமைத் தொட்டுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சங்கடம் இருந்தது. பங்குக்கோயில் அன்னையர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். வருஷத்தில் ஒரு ஞாயிறு கருவைக் காப்பது பற்றிச் சங்கத்தில் கூட்டம் நடக்கும். செயலாளர் ஐந்து நிமிஷம் பேச வேண்டும். போன வருஷம் அவள் பேசியதைக் கேட்டு இரண்டு பேர் அழுதார்கள். நம் பங்கில் இப்படி ஒரு பாவம் இல்லை என்று அடித்துச் சொல்லி, அதை நோட்டீஸாகவும் அச்சடித்துக் கார்கானாவிலும் கொடுத்தாள். இந்த வருஷக் கூட்டத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. மூன்று நாள் மாதா படத்தின் முன்னால் உட்கார்ந்து மனசுக்குள் வழக்காடினாள். நான்காம் நாள் படத்தை நேராகப் பார்க்காமல் விளக்கேற்றினாள்.

பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பாதி நர்சுகள் அவள் பங்குக்காரர்கள். அதனால் கோவண்டியில் ஒரு டாக்டரம்மா வைத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போவதென்று தீர்மானித்தாள். வழியில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று எதிர்வீட்டு சஃபீனாவிடம் ஒரு நாளைக்குப் புர்கா கேட்டாள். சஃபீனா, கார்கானா முதலாளி கரீம் பாட்சாவின் தங்கை. கோயில் நாடகத்துக்கு என்று சேசம்மாள் சொன்னதும், எந்த வேஷம் என்று அவள் ஆர்வமாகக் கேட்டுவிட்டாள். பைபிளில் வரும் சமாரியப் பெண் என்று சேசம்மாள் சொன்னாள். நன்றாக இருக்கட்டும் என்று, கை ஓரத்தில் நீல நூல் பூவேலை செய்த தன் புதுப் புர்காவையே சஃபீனா எடுத்துக் கொடுத்தாள்.

சயானில் ரயிலேறி குர்லாவில் மாறினாள். முகத்தை மூடியதும் உலகத்தில் யாருக்கும் தன்னைத் தெரியாது என்ற தைரியம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்த வயதான அம்மாள் சலாம் சொன்னபோது அந்தத் தைரியம் போயிற்று. பதிலுக்கு வழக்கமான கோயில் தோத்திரம் "சேசு" வரை வாயில் வந்துவிட்டது. மீதியை இருமலாக மாற்றிக்கொண்டு, செம்பூர் தாண்டும்வரை விடாமல் இருமினாள். அந்த அம்மாள் இரக்கப்பட்டு ஒரு ஏலக்காய் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரி முன்மேசையில் இருந்த பெண் ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்து இந்தியில் பெயர் கேட்டாள். பெயரைப் பற்றி சேசம்மாள் யோசித்தே வரவில்லை. போட்டிருக்கும் துணி யாருடையதோ அவள் பெயரே வாயில் வந்தது. சஃபீனா என்றாள். வயதைக் கேட்டு எழுதிய பெண், மதம் என்ற கட்டத்துக்கு வந்ததும் எதுவும் கேட்கவில்லை. தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தாள், முஸ்லிம் என்று எழுதினாள். பிறகு புருஷன் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றாள். புருஷன் வெளியூர் என்று சேசம்மாள் சொன்னாள். காலையிலிருந்து அது எத்தனையாவது பொய் என்ற கணக்கை அத்தோடு விட்டுவிட்டாள்.

எதிர் பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, நெற்றி நடுவில் நில்லாமல் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கிய பெரிய குங்குமப் பொட்டு. சேலை கணுக்காலுக்கு மேல் ஏறி நின்றது. முந்தானையை இழுத்துத் தலையில் போடுவாள், உடனே ஞாபகம் வந்ததுபோல் எடுத்துவிடுவாள். அவள் சேசம்மாளின் புர்காவையே, அதுவும் அந்த நீலப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியில் எழுந்து வந்து ஒட்டி உட்கார்ந்து, குனிந்தபடியே பேசினாள்.

"சஃபீனா, ஒங்க காக்காட்ட மட்டும் சொல்லிறாதம்மா. ஒன் காலப் புடிச்சிக் கேக்கேன்."

அந்தக் குரல் சேசம்மாளுக்குத் தெரியும். கார்கானா மாடியிலிருந்து தினமும் டீக்குக் கூப்பிடும் குரல். முதலாளி கரீம் பாட்சாவின் மனைவி ஆபிதா, கார்கானாவில் எல்லோருக்கும் பாபி. காக்கா என்று அவள் சொன்னது சஃபீனாவின் அண்ணனான தன் புருஷனை. நாலு பிள்ளைக்காரி, கடைக்குட்டிக்கு இன்னும் பதினோரு மாதம் முடியவில்லை. நீலப்பூப் புர்கா, போன பெருநாளுக்கு அவளே நாத்தனாருக்கு வாங்கிக் கொடுத்தது.

சும்மா தலையாட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் சேசம்மாள் முதலில் நினைத்தாள். அதற்குள் முன்மேசைப் பெண் சஃபீனா பீவி என்று கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. ஆபிதா முழங்கையால் இடித்து, ஒன்னத்தான் கூப்பிடுதாங்க என்றாள். சேசம்மாள் பதறி எழுந்தபோது, அவளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் அகிலாண்டம் என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். யாரந்த அகிலாண்டம் என்று ஆபிதாவும் எல்லோரையும்போல் சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்த அறையில் பொட்டு வைத்தவள் அவள் ஒருத்திதான்.

சேசம்மாளுக்குப் பாவமாகப் போய்விட்டது. "பாபி, அது நீங்கதான்னு நெனைக்கேன்" என்றாள்.

ஆபிதா அவளைத் திரும்பிப் பார்த்தாள். குரல் சஃபீனாவுடையது இல்லை.

"சேசம்மாக்காவா? ஒங்க ஆளுகள்ல இதெல்லாம் கெடையாதுன்னு நோட்டீஸ் குடுத்தீங்களே."

"அத வாங்கிட்டு, ஒங்கள்லயும் கெடையாதுன்னு நீங்க சொன்னீங்க, பாபி."

"ஆமா, சொன்னேன்" என்றாள் ஆபிதா.

சேசம்மாள் மறுபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் ஆபிதாவின் தோள்தான் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து சேசம்மாள் கையைப் பிடித்தாள். அழுகை இல்லை, சிரிப்பு. அது சேசம்மாளுக்கும் தொற்றிக்கொண்டது. புர்காவுக்குள் கண்ணீர் வர அவள் சிரித்ததில், முன்மேசைப் பெண் இது ஆஸ்பத்திரி என்று நினைவுபடுத்த வேண்டியதாயிற்று.

டாக்டரம்மா மராத்திக்காரி. ஸ்கேன் பார்த்து எட்டு வாரம் என்றாள். வேண்டாம் என்பது சேசம்மாள் தானாக எடுத்த முடிவா என்று இரண்டு தடவை கேட்டாள். புருஷன் கையெழுத்து தேவையில்லை, பதினெட்டு வயது தாண்டிய பெண்ணுக்கு அவள் கையெழுத்தே போதும், சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது என்றவள், முன்மேசைப் பெண்ணையும் கூப்பிட்டுக் கண்டித்தாள். எதனால் இது நேர்ந்தது என்று கேட்டபோது, உறை கிழிந்துவிட்டது என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சேசம்மாள் கையால் காட்டினாள். டாக்டரம்மா முகம் மாறாமல் எழுதிக்கொண்டாள். ஆனால் சேசம்மாள் தன் பெயரில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்ததும், பொய்ப் பெயரில் மாத்திரை கொடுக்க முடியாது, நாளைக்கு ரத்தப்போக்கு அதிகமானால் யாரைத் தேடுவது என்றாள். பதிவேடு பூட்டி வைக்கப்படும், புருஷன் வந்து கேட்டாலும் காட்டக் கூடாது என்பதும் சட்டம்தான் என்று உறுதி சொன்னாள்.

அதனால் முன்மேசைப் பெண் முணுமுணுத்தபடி இரண்டு பெயரையும் அடித்துத் திருத்தி டாக்டரிடம் சுருக்கொப்பம் வாங்கினாள். மதத்தையும் திருத்தச் சொன்னபோது ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வரிக்கு ஒரு திருத்தம்தான், அதற்கு மேல் அடித்தால் மேலே கேள்வி கேட்பார்கள் என்று சொல்லிவிட்டாள். ஆக, ஏட்டில் சேசம்மாள் முஸ்லிம், ஆபிதா இந்து.

முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கிவிட்டுத் திரும்பும்போது ரயிலில் இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். நாலு மாதத்துக்குள் என்றால் தக்க காரணத்துக்குக் கலைக்கலாம் என்று ஒரு பள்ளிவாசல் ஹஜரத் சொல்வதாகவும், அறவே கூடாது என்று இன்னொருவர் சொல்வதாகவும் ஆபிதா சொன்னாள். தங்களுக்கு ஒரே பதில்தான், அது கூடாது என்பதுதான் என்றாள் சேசம்மாள்.

"ரெண்டு இருந்து என்னக்கா? ரெண்டையுமே ஆம்பளைங்கதான சொல்லுதாங்க. பதினோரு மாசப் புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு அடுத்தத சொமக்கேன்னு நான் யாருட்டயும் கேக்கவே இல்ல."

குர்லாவில் இறங்குமுன் ஆபிதா எச்சில் தொட்டுப் பொட்டை அழித்தாள். அழியவில்லை, நெற்றி முழுக்கச் சிவந்தது. சேசம்மாள் முக்காட்டு நுனியால் துடைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மீதி மாத்திரைகளைப் போட்டுக்கொண்டார்கள். ஒரே நாளில் மனைவிக்கும் ஜிப் தைப்பவளுக்கும் வயிற்றுவலி என்றதும் கரீம் பாட்சா தீவிரமாக விசாரித்து, குற்றவாளி டீக்கடைதான் என்று கண்டுபிடித்து, கார்கானாவுக்கு வேறு கடையில் டீ ஏற்பாடு செய்தார். அந்த டீ படு மோசம். ஆபிதாவும் சேசம்மாளும் மட்டும் குறை சொல்லாமல் குடித்தார்கள்.

வலி எதிர்பார்த்ததைவிட அதிகமாகத்தான் இருந்தது. வெந்நீர்ப் பையோடு சுருண்டு கிடந்தவளைப் பார்த்துத் தனசீலன் பயந்து ஆட்டோ கூப்பிடக் கிளம்பியபோது அவள் சொல்லிவிட்டாள். அவன் மூலையில் குளிக்கிற மோரிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். தண்ணீர் சத்தத்துக்கு நடுவே அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வெளியே வந்தவன் கேட்டது ஒன்றுதான்: "எங்கிட்ட ஏம் சொல்லல?" நீங்கள் ஊரெல்லாம் சொல்லிவிடுவீர்கள் என்று பயந்ததை அவள் ஒளிக்காமல் சொன்னாள். அது நியாயமான பயம்தான் என்று அவன் ஒத்துக்கொண்டான். அடுத்த ஒரு வாரம் பாத்திரங்களை அவனே கழுவி இரண்டு கண்ணாடித் தம்ளரை உடைத்தான். அந்த ஒரு சேதியை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவன் வாழ்நாளில் அது ஒரு சாதனை.

அவள் கஷ்டப்படவில்லை என்று சொல்ல முடியாது. வேலைக்கு நடுவே சில நேரம் ஊசி தானாக நின்றுவிடும். பாவசங்கீர்த்தனத்துக்கும் போனாள், மாஹிமுக்குப் போனாள், தன் பங்குக்கு அல்ல. அங்கே சொன்னதும் கேட்டதும் அவளோடு இருக்கட்டும்.

கூட்ட ஞாயிறு வந்தது. ஏதோ ஒரு ஆய்வு நிறுவனம் இந்தப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் பெயரில்லாமல் மதவாரியாக எண்ணிக்கை எடுத்திருந்தது. கோவண்டி ஆஸ்பத்திரியில் அந்தக் காலாண்டில் கிறிஸ்தவர் பூஜ்யம். பங்குத்தந்தைக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தத் தாளைச் சங்கத் தலைவி மரிய புஷ்பத்திடம் கொடுக்க, அவள் அதைச் செயலாளரிடம் நீட்டி, சத்தமாக வாசிக்கச் சொன்னாள்.

சேசம்மாள் எழுந்தாள். இந்து இத்தனை, முஸ்லிம் இத்தனை என்று வாசித்தாள். அந்த முஸ்லிம் எண்ணிக்கையில் ஒன்று அவளேதான். பூஜ்யம் என்று வாசித்ததும் எல்லோரும் கைதட்டத் தொடங்கினார்கள்.

"கைதட்டாதீங்க" என்றாள். "இந்தக் கணக்கு தப்பு."

எப்படித் தெரியும் என்று மரிய புஷ்பம் கேட்டாள்.

"நான் அங்க போயிருக்கேன். மதம்ங்கிற கட்டத்துல என்ன துணி போட்டு வாறாங்களோ அதப் பாத்து எழுதுதாங்க. நம்மள்ல போறவங்க நம்ம துணியில போறதில்ல. அவ்வளவுதான் வித்தியாசம். நோட்டீஸ் அடிச்சது நாந்தான், தப்புன்னு சொல்ல வேண்டியதும் நாந்தான்."

செயலாளர் எதற்கு அங்கே போனாள் என்று யாரும் கேட்கவில்லை; கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயந்ததுபோல் இருந்தது. பங்குத்தந்தை தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்து, டீ ஆறுகிறது என்றார். பதவி போயிற்று என்று நினைத்துக்கொண்டு சேசம்மாள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினாள்.

முதலில் வந்தவள் இரண்டு பிள்ளைக்குத் தாயான ஒரு சின்னப் பெண். இனி உண்டாகாமல் இருக்க ஏதாவது வைப்பார்களாமே, அது அங்கே கிடைக்குமா என்று கேட்டாள். அப்புறம் இன்னும் இரண்டு பேர். கடைசியாக மரிய புஷ்பம் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உதவி செய்கிறவள்போல் பக்கத்தில் வந்து, அந்த டாக்டரம்மா திங்கட்கிழமை இருப்பாளா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தாள். யாருக்கு என்று சேசம்மாள் கேட்கவில்லை. காலை பத்துக்குப் போனால் கூட்டம் குறைவு என்று மட்டும் சொன்னாள்.

பதவி போகவில்லை. இரண்டு மாதம் கழித்து அன்னையர் சங்கத்துக்கு அந்த டாக்டரம்மாவையே அழைக்கலாமா என்று பங்குத்தந்தை அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு பற்றிப் பேச என்றுதான் அழைப்பிதழில் போட்டார்கள். சர்க்கரை பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மீதி ஒன்றரை மணிநேரம் பெண்கள் கேட்டதற்கெல்லாம் டாக்டரம்மா இந்தியில் பதில் சொல்ல, சேசம்மாள் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள். பங்குத்தந்தை தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பின்வரிசையில் கார்கானாப் பெண்கள் ஐந்து பேரோடு ஆபிதா உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள்.