கொக்கி அக்கா தைத்த பட்டன்

பாம்புக்குப் பயப்படலாம், பேய்க்குப் பயப்படலாம். பட்டனுக்குப் பயப்படும் டெய்லரை எங்கே போய்ச் சொல்வது? நாலு ஓட்டையும் நாலு கண்ணாக முறைக்குது, தொட்டாலே குமட்டுது என்பாள். அதனால் தெருவுக்கே கொக்கி வைத்துத் தைத்துக் கொடுத்து, கொக்கி அக்கா என்று பெயரும் வாங்கிவிட்டாள். பட்டன் வைத்தே ஆக வேண்டிய துணிகளை, பஸ் கண்டக்டரான புருஷன் பின்னறையில் உட்கார்ந்து முடித்துக் கொடுப்பான். அவனுடைய காக்கிச் சட்டையிலும் பட்டன் உண்டே. கல்யாணமான நாளிலிருந்து பின்வாசல் வழியாக வந்து, பனியனோடுதான் அவள் முன்னால் நிற்பான்.

மகளுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, இன்று முதல் நாள். வெள்ளைச் சட்டைக்குப் பட்டன்தான் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். அம்மா தைத்து, காஜாவும் எடுத்து, பின்னறையில் வைத்திருந்தாள். காலையில் பார்த்தால் சட்டை மடித்தது மடித்தபடியே கிடக்கிறது. புருஷனுக்குப் போன் போட்டாள்.

"நம்ம வீட்டுச் சட்டைதானே, கொக்கி வெச்சிருப்பேன்னு பிரிச்சே பாக்கல. இப்ப பஸ்ஸுல பாதி வழியில இருக்கேன்" என்றான்.

"விடும்மா, ஊக்கு குத்திக்கிட்டுப் போறேன்" என்றாள் மகள்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. டெய்லர் பெற்ற பெண் ஊக்கோடு போய் நிற்பதா?

"எடு அந்தப் பட்டன் டப்பாவ."

கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் பட்டனைத் தைத்தாள். திறந்து பார்த்தால் அது காலர் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மகள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். கோணல் தையலை இவள் ஒருநாளும் பொறுத்ததில்லை. பிரித்தாள். உள்ளங்கை வியர்த்து ஊசி வழுக்கியது. கண்ணைத் திறந்தபடியே ஒரு ஓட்டையில் ஊசியை ஏற்றி, அடுத்ததில் இறக்கினாள். நாலும் நூலால் அடைபட்டதும், முறைக்க அதற்குக் கண்ணே இல்லை.

"இவ்வளவுதானா நீ?" என்று வாய்விட்டே கேட்டாள். மற்ற பட்டன்கள் மளமளவென்று ஏறின. மகளுக்குக் கழுத்துப் பட்டனை அவளே போட்டுவிட்டாள். பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் பின்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஏங்க, முன்வாசல் வழியாவே வாங்க."

"சட்டை மாத்தலடி."

"தெரியும். அப்படியே வாங்க."

சுற்றிக்கொண்டு வந்தவன் வாசற்படியில் தயங்கினான். நெஞ்சுப் பட்டன் ஒன்று அறுந்து நூலில் தொங்கியது. அவசரமாகக் கையால் மறைத்தான். அவள் அந்தக் கையை விலக்கினாள்.

"ஊருக்கெல்லாம் தெச்சுக் குடுக்கிறீங்க. உங்களுக்குத் தெக்க ஆளில்லையா?"

அவனை வெளிச்சத்தில் நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லாமலே தைக்க ஆரம்பித்தாள்.