ருஷ்தா தேர்ந்தெடுத்த டிஜிட்டைசர்

காயல்பட்டினத்தில் ருஷ்தாவின் அறையில் இருக்கும் அமீகா கம்ப்யூட்டர், அவள் வாப்பா மூஸா நெய்னா முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் துபாயிலிருந்து கொண்டுவந்தது. அது இன்றும் ஓடுகிறதென்றால் ருஷ்தாதான் காரணம். கெட்டுப்போன பாகங்களை யூடியூப் பார்த்து அவளே மாற்றினாள். அதில் அவள் செய்யும் குட்டி அசைபடங்களுக்கு வெளிநாடுகளில்கூட ரசிகர்கள் உண்டு.

அடுத்த படம், கடற்கரையில் வலை உதறும் கைகள். வீடியோவில் எடுத்ததை அந்தக் கம்ப்யூட்டருக்குள் இறக்க, அந்தக் காலத்து டிஜிட்டைசர் பெட்டி ஒன்று வேண்டும். ஷார்ஜாவில் இருக்கும் ஆத்தூர்க்காரர் பாண்டியராஜிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் நிறம் அருமையாக வரும். ஆனால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தடவை மெதுவாகப் பார்க்கும். அதுவரை எதிரே இருப்பது அசையக் கூடாது. இன்னொன்று நிறத்தில் கொஞ்சம் மட்டம். ஆனால் ஓடுகிற வீடியோவிலிருந்தே படத்தைச் சட்டென்று பிடித்துவிடும்.

மூன்று மாதம் பழைய பத்திரிகைகளைத் தேடிப் படித்து, இரண்டாவதுதான் என்று முடிவு செய்தாள். காரணங்களை இரண்டு பக்கம் எழுதி, அதை வாங்கி வரச் சொல்லி, துபாயில் வேலை பார்க்கும், காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணன் யாசிருக்கு அனுப்பினாள்.

லீவில் வந்த யாசிர் கொண்டுவந்தது முதல் பெட்டி.

ஆபீஸில் விவரம் தெரிந்த ஒருவரிடம் விசாரித்ததாகவும், இதில்தான் படம் நன்றாக வருமாம் என்றும் உம்மா குல்சுமிடம் பெருமையாகச் சொன்னான். ருஷ்தா பெட்டியை மாட்டினாள். வலை உதறும் கைகள் திரையில் கிழிந்த துணி மாதிரி வந்தன. சிவப்பு ஓரிடம், பச்சை ஓரிடம். அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"நான் எழுதினதப் படிச்சீங்களா?"

திறந்து பார்த்தானாம், நீளமாக இருந்ததாம். "நீ குழம்பியிருப்பேன்னுதான் தெரிஞ்ச ஆள்ட்ட கேட்டேன்."

"இதுல தெரிஞ்ச ஆள் நான்தான் காக்கா."

அவ்வளவு தூரம் தூக்கி வந்திருக்கிறான், விடு என்றாள் உம்மா. ருஷ்தா விடவில்லை. யாசிர் மறந்துவிட்டேன் என்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அங்கேயே நின்று பாண்டியராஜுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ரெண்டாவது பெட்டி இங்கனதான் இருக்கும்மா," என்றார் அவர். "அதத்தான் முதல்ல எடுத்து வச்சேன். தங்கச்சி சும்மா பொழுதுபோக்குக்குக் கேக்கா, வெல கொறஞ்சது எதுன்னுதான் உங்க அண்ணன் கேட்டாரு."

யாசிர் தலையைக் குனிந்துகொண்டான். ஆபீஸில் விசாரித்ததும் இல்லை, விவரம் தெரிந்த ஆளும் இல்லை.

மாற்றித் தர முடியுமா என்று ருஷ்தா கேட்டாள். விலையில் மீதியைக் கொடுத்தால் தாராளமாகத் தருவதாகச் சொன்னார். போனை வைத்ததும் யாசிர் மெல்ல, திரும்பிப் போய் இதைக் கொடுத்துவிட்டு அடுத்த லீவில் அதைத் தானே கொண்டுவருவதாகச் சொன்னான்.

"இதக் கொண்டுபோய்க் குடுங்க. அது கூரியர்ல வரட்டும். உங்க கையால வர வேண்டாம்."

மிச்ச நாளெல்லாம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். கிளம்புகிற அன்று சூட்கேஸில் டிஜிட்டைசருக்கு இடம் போதாமல் யாசிர் இரண்டு சட்டைகளை எடுத்து வெளியே வைத்ததைப் பார்த்தும், உள்ளே போய்விட்டாள்.

மூன்று வாரத்தில் கூரியர் வந்தது. உதறிய வலையும் நீர்த்துளிகளும் விரல்களும் திரையில் அப்படியே நின்றன. அன்று சாயங்காலம், வந்துவிட்டதா என்று யாசிர் கேட்டு அனுப்பியிருந்தான். படித்தாள். பதில் போடவில்லை.