கேரியரோடு நின்றவன்

படத்துக்குப் போகிறவர்கள் முடிவை யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று காதைப் பொத்திக்கொள்வார்கள். பாண்டீஸ்வரி முடிவைத் தீர விசாரித்த பிறகுதான் படத்துக்கு வருவதாகவே ஒப்புக்கொண்டாள்.

"நல்லா கேட்டியா சப்ரீன்? கடைசியில அவ ரெண்டாவது ஆளத்தான கட்டுதா?"

"எங்க மாமி மக பாத்துட்டு வந்து சொன்னாக்கா. செத்துப்போன புருசன் ஆவியா வருதான். கடைசியில அவனே அவ கையப் பிடிச்சு இன்னொருத்தன் கையில குடுத்துட்டுப் போயிருதானாம். தியேட்டரே அழுதுச்சாம்."

பாண்டீஸ்வரிக்கு அது போதும். உண்மையில் அவளுக்குப் படம் பார்க்கும் ஆசை ஒன்றும் இல்லை. படத்தை மதினி முனீஸ்வரி பார்க்க வேண்டும். பார்த்து, கொஞ்சம் மனசு இளக வேண்டும். அந்த இளக்கத்தோடு இளக்கமாக, நாலு மாதமாகத் தொண்டையில் நிற்கிற விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். யோசனை சப்ரீனுடையது. பேண்டேஜ் கம்பெனியில் பக்கத்து மேசையில் பஞ்சு வெட்டுகிற பெண். ஊரில் யாருக்கு என்ன சிக்கல் வந்தாலும் அதற்கு ஒரு சினிமாவைக் கைவசம் வைத்திருப்பாள்.

பாண்டீஸ்வரியின் கணவன் சிவபாண்டி லாரி மோதிச் செத்து நாலு வருஷம் ஆகிறது. கல்யாணமாகி மூன்று வருஷம்கூட முடியாத நேரம், பிள்ளையும் இல்லை. தாய்வீட்டில் கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை. புருஷனின் அக்கா முனீஸ்வரியோடு ராஜபாளையத்தில் அதே வீட்டிலேயே இருந்துவிட்டாள். தாய் தகப்பன் போன பிறகு ஏழு வயதுத் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் முனீஸ்வரி. தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. தம்பியும் போனபின் அவளைத் தனியே விட்டுப்போக பாண்டீஸ்வரிக்கு மனசு வரவில்லை.

இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே துணி. காயத்துக்குக் கட்டுகிற நீளமான காஸ் துணியை எதிரெதிரே நின்று ஆளுக்கொரு நுனியாகப் பிடித்து, உதறி, இழுத்து, நடுவில் வந்து நுனியோடு நுனி சேர்க்க வேண்டும். திரும்ப விலக வேண்டும், திரும்பச் சேர வேண்டும். நாள் முழுக்க இதுதான் வேலை. நாலு வருஷமாக முனீஸ்வரிக்கு எதிர்நுனியைப் பிடிக்கிறவள் பாண்டீஸ்வரி.

அந்தக் கம்பெனிக்கு மெஷின் ரிப்பேர் பார்க்க வருகிறவன்தான் வேல்சாமி. செட்டியார்பட்டிக்காரன். மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் முப்பத்தெட்டு வயதாகித் தலையில் பாதி நரைத்திருந்தது. சித்திரையில் ஒருநாள் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே, பாண்டீஸ்வரியின் முகத்தைப் பாராமல், குழாயைப் பார்த்துச் சொன்னான்.

"எனக்கு உங்களக் கட்டிக்கிடணும்னு இருக்கு. உங்களுக்கும் சம்மதம்னா உங்க மதினிகிட்ட சொல்லுங்க. அவிய சரின்னு சொல்லாம நான் உங்க வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்."

அவளுக்குச் சம்மதம்தான். அதைத் தன்னிடமே ஒப்புக்கொள்ள இரண்டு மாதம் பிடித்தது. மதினியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. இதற்குள் வேல்சாமியின் தங்கைகள் மூன்று பேரும் சேர்ந்து அண்ணனுக்கு வத்திராயிருப்புப் பக்கம் ஒரு பெண் பார்த்துவிட்டார்கள். ஆடி முடியட்டும் என்று அவன் அவர்களைத் தள்ளிவைத்திருந்தான். ஆடியில் பாதி போய்விட்டது.

சொல்ல முடியாததற்குக் காரணம் அமாவாசை. ஒவ்வொரு அமாவாசைக்கும் முனீஸ்வரி தம்பிக்கு இலை போடுவாள். சோறு, அவனுக்குப் பிடித்த முட்டைக்குழம்பு, கூடவே கடையில் வாங்கிய இரண்டு பரோட்டா. விளக்கேற்றி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் தெருவில் நிற்பார்கள். வருகிறவர் வந்து சாப்பிட நேரம் விட்டு, பிறகு மூன்று தட்டு தட்டித் திறக்க வேண்டும். திறந்ததும் முனீஸ்வரி இலையை உற்று உற்றுப் பார்ப்பாள். ஒரு பருக்கை நகர்ந்திருப்பதாகத் தெரிந்தால் அன்று முழுக்க முகம் தெளிந்திருக்கும். அப்படிப்பட்டவளிடம் எந்த முகத்தோடு போய், எனக்கு இன்னொரு கல்யாணம் என்று சொல்வது.

ராஜபாளையம் தியேட்டரிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு மூன்று பெண்களும் கிளம்பினார்கள். கம்பெனி வாட்ச்மேன் சமுத்திரம், பேய்ப்படம் என்று காதில் விழுந்ததும் தானே வந்து ஒட்டிக்கொண்டார். நாலு டிக்கெட்டில் ஓர் ஆண்துணை நல்லதுதான் என்று முனீஸ்வரி சேர்த்துக்கொண்டாள். சமுத்திரம் யாருக்குத் துணை என்பது படம் தொடங்கிக் கால் மணியில் அவர் குறட்டை விட்டபோது தெரிந்துபோனது.

படத்தில் கணவன் ஆற்றில் மூழ்கிச் சாகிறான். மனைவி அமாவாசைக்கு இலை போட்டு, கதவைச் சாத்தி, வெளியே போகாமல் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். சொட்டச் சொட்ட நனைந்தபடி அவன் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறான். அந்த இடத்தில் முனீஸ்வரி பாண்டீஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியை இடைவேளைவரை விடவில்லை. ஆகா, நல்ல படத்துக்குத்தான் கூட்டிவந்தோம் என்று பாண்டீஸ்வரி நொந்துகொண்டாள். ஆனாலும் முடிவு இருக்கிறதே என்று நம்பிக்கொண்டிருந்தாள். இரண்டாவது ஆளும் வந்துவிட்டான். ஆற்றங்கரைப் பம்ப்செட்டில் வேலை பார்க்கிற சாதுவான மனிதன். தினமும் அவளுக்கு ஒரு தூக்குக் கேரியரில் சோறு கொண்டுவருவான். திண்டில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பான். அவள் திறந்துகூடப் பார்க்க மாட்டாள்.

கடைசிக் காட்சியில் புருஷன் ஆற்றுக்குள் நின்று கையை நீட்டினான். இப்போது அவளைக் கரைக்குத் திருப்பி அனுப்புவான், கையைப் பிடித்துக் கொடுப்பான் என்று பாண்டீஸ்வரி சீட்டின் நுனிக்கு வந்தாள். படத்து மனைவியோ இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள், கழுத்தளவில் சிரித்தாள், பிறகு இரண்டு பேரும் காணாமல் போனார்கள். விசில் பறந்தது. முன்வரிசைப் பையன்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கரையில் பம்ப்செட்காரன் கேரியரோடு நிற்க, தியேட்டர் விளக்கு எரிந்தது.

பாண்டீஸ்வரி திரும்பிப் பார்த்தால், முனீஸ்வரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். தம்பி செத்த அன்றுகூட இப்படி அழாதவள். எல்லாம் முடிந்தது என்று பாண்டீஸ்வரி நினைத்தாள். வேல்சாமிக்கு வத்திராயிருப்புப் பெண்ணே அமையட்டும்.

"உங்க மாமி மக வாயில மண்ண அள்ளிப் போட" என்று சப்ரீன் காதில் முணுமுணுத்தாள்.

சப்ரீன் அங்கேயே போனைப் போட்டு மாமி மகளை விசாரித்தாள். விசாரணையில் வெளிவந்தது இது: மாமி மகள் பிள்ளை அழுதது என்று இடைவேளையோடு எழுந்து வந்துவிட்டாளாம். மீதிக் கதை அவளே முடித்துக்கொண்டது. அப்படித்தானே முடியணும், வேற எப்படி முடிப்பாங்க என்று அவள் போனிலேயே சண்டைக்கு வந்தாள்.

ராஜபாளையம் பஸ்ஸில் இடம் கிடைத்தது. வெயில் தாழ்ந்து மலைப்பக்கமிருந்து ஆடிக்காற்று ஜன்னலை அடித்தது. முனீஸ்வரி வீங்கிய கண்ணோடு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாண்டீஸ்வரி பேச்சே வேண்டாம் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் சும்மா இருக்கிற ஆளா சமுத்திரம்.

"இதெல்லாம் ஒரு பேயா. குளிச்சு முழுகித் தலைசீவிட்டு வருதான். ஒருத்தன் கழுத்தயாவது கடிச்சானா? டிக்கெட்டு காசு தண்டம்."

"நீங்க எங்க பாத்தீங்க, தூங்குனதுக்கு டிக்கெட்டு" என்றாள் சப்ரீன். "எனக்கு அவ மேலதான் கோவம். உசுரோட இருக்குத ஒருத்தன் சோத்தத் தூக்கிட்டு அலையுதான், இவ செத்தவன் பின்னால போறாளாம். அறிவு வேண்டாமா?"

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் நின்றுவிட்டான். "என்னக்கா இப்பிடிச் சொல்லுதீங்க. நான் மூணு தடவ பாத்துட்டேன். செத்தும் விடாம வருதான் பாருங்க, அதான் லவ்வு. கடைசி சீனுல எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சிருச்சு."

"உமக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லக்கா."

"அதான்" என்றாள் சப்ரீன்.

பஸ்ஸில் எழுந்த சிரிப்பு அடங்கும் முன்னால் முனீஸ்வரி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"அவ எல போட்டதே தப்பு" என்றாள்.

பாண்டீஸ்வரிக்குப் புரியவில்லை. "என்ன தப்பு மதினி?"

"எலயப் போட்டுட்டு உள்ளயே ஒளிஞ்சிருந்தால்லா. கதவத் தட்டவே இல்ல. நாம எதுக்குத் தட்டுதோம்? வந்தவன் எந்திரிச்சுப் போறதுக்குத்தான். கூப்பிடத் தெரிஞ்சவளுக்கு அனுப்பத் தெரியல. பாவம், அந்தப் பயல ஆத்துக்கும் வீட்டுக்குமா அலைய விட்டுட்டா. இது தெரியாம ஒரு படம் எடுத்திருக்கான்."

"பொறவு ஏன் அந்த அழுக அழுதீங்க?"

"அவுகளுக்காகவா அழுதேன்? அந்தக் கேரியர்க்காரனுக்காக அழுதேன்."

பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. முனீஸ்வரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அடுத்துச் சொன்னது பாண்டீஸ்வரிக்கு மட்டும்தான் கேட்டது.

"எனக்கு இருபத்தஞ்சு வயசுல ஒருத்தர் கேட்டு வந்தாரு. மகாராஜபுரத்துல விவசாயம். தம்பி சின்னப் பய, முடியாதுன்னுட்டேன். பொறவும் ரெண்டு தடவ வந்தாரு. வந்த மனுசனுக்கு ஒரு வாய் சோறு போட்டேனா? ஒரு செம்புத் தண்ணி குடுத்து அனுப்பிட்டேன். அவன் கரையில நின்னத பாத்ததும் அந்த ஞாபகம் வந்துருச்சு. அவரு எங்கன, எப்பிடி இருக்காரோ."

பாண்டீஸ்வரி இதை இதுவரை கேட்டதே இல்லை. மதினியின் கையைப் பிடித்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தாள்.

"மதினி, ஒண்ணு சொல்லணும்."

"வேல்சாமிதான?"

பாண்டீஸ்வரி பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

"எட்டு மணி நேரம் உன் மூஞ்சிக்கு எதுக்கதான நிக்கேன். அவன் மெஷின் பக்கம் வந்தா நீ துணிய ரெண்டு இஞ்சு கூட இழுப்ப. நாலு மாசமா எனக்கு நுனி சேரல. ஓடுத மெஷினுக்கு வாரத்துல மூணு தடவ எண்ண போட ஒருத்தன் வருதான்னா, அதக்கூட கண்டுபிடிக்கத் தெரியாதவளா நான்?"

"அப்ப ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன். இன்னைக்குப் படத்துக்கு நீங்க ரெண்டு பேரும் கூப்பிட்ட விதத்துலயே தெரிஞ்சுச்சு, இதுக்குத்தான்னு. ஆனா முடிவப் பாத்ததும் எனக்கே திக்குன்னு ஆயிருச்சு. இவளும் இப்பிடி நெனச்சுட்டான்னா என்ன செய்யுறதுன்னு."

நாலு மாதம் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இவ்வளவு லேசாக உருண்டு போகும் என்று பாண்டீஸ்வரி நினைத்ததே இல்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முன்சீட்டில் சப்ரீன் திரும்பாமலே தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க தனியா இருப்பீகளே மதினி."

"செட்டியார்பட்டி என்ன சீமையிலயா இருக்கு? டவுன் பஸ் போகுதுல்லா. ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். கட்டுனதும் வேலைக்கு வராம வீட்டுல உக்காந்துராத. எதுக்க ஒரு புதுப்பிள்ளய நிறுத்திட்டாங்கன்னா எனக்கு நுனி சேராது."

"வருவேன்" என்றாள் பாண்டீஸ்வரி. "எப்பவும் வருவேன்."

ஆடி அமாவாசை அடுத்த வாரமே வந்தது. அன்று காலை முனீஸ்வரி வழக்கம்போல முட்டைக்குழம்பு வைத்தாள், பரோட்டா வாங்கிவந்தாள். வழக்கத்துக்கு மாறாக, வேல்சாமிக்குப் போன் போட்டு மத்தியானம் வீட்டுக்கு வரச் சொன்னாள். படையல் அன்றைக்கா என்று பாண்டீஸ்வரி பதறினாள். ஊர் பேசும் என்றாள். பேசட்டும், நாலு நாளைக்கு மேல ஒரு பேச்சையும் இந்த ஊரு பேசினதில்ல என்றாள் முனீஸ்வரி.

வேல்சாமி வெள்ளைச் சட்டையும் நகக்கண்ணில் மெஷின் எண்ணெயுமாக வந்தான். வீட்டுக்குப் பத்தடி தள்ளி வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டான். வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவன் அல்லவா.

இலை போட்டு, விளக்கேற்றி, கதவைச் சாத்தினார்கள். வழக்கமாக முனீஸ்வரி கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பாள். அன்று வைக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து மூன்று தட்டு தட்டினாள். பிறகு கதவைப் பார்த்து, பக்கத்தில் இருக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"தம்பி, வயிறு நெறஞ்சுச்சா? உன் பொண்டாட்டிய நல்லவன் கையிலதான் குடுக்கேன். நீ கவலப்படாமப் போ."

பாண்டீஸ்வரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கதவு திறந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முனீஸ்வரி இலையைக் குனிந்து பார்க்கவில்லை, பருக்கை நகர்ந்ததா என்று தேடவில்லை. நேரே தெருவுக்குத் திரும்பினாள்.

"ஏலே வேல்சாமி, அங்கன மரத்தடியில என்ன செய்யுத? உள்ள வந்து எலயில உக்காரு. குழம்பு ஆறுது."