முத்துப்பாண்டி சுவர்

"இன்னும் கொஞ்சம் உள்ள கை விடுங்கம்மா."

"விட்டுட்டேன் தாயி. மாவு மாதிரில்ல வருது?"

"அதுதான் செங்கல்."

வெள்ளத்தாய் கையை வெளியே இழுத்தாள். மணிக்கட்டு வரைக்கும் சிவப்புத் தூள். சுவரில் அந்த ஓட்டையைப் போட்டவள், பழைய கட்டடங்களைச் சோதிக்கிற என்ஜினியர் அனுக்ரஹா. கிருஷ்ணன்கோவில் என்ற ஊரிலிருந்து வந்திருந்தாள். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நடந்து வருகிற சனங்கள் தங்கிப் போகிற மடம் அது. நூற்று முப்பது வருசத்துச் செங்கல் கட்டடம். தெற்குச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறதென்று கமிட்டிக்காரர்கள்தான் அனுக்ரஹாவை அழைத்திருந்தார்கள். வெள்ளத்தாயை யாரும் அழைக்கவில்லை. சுவரை உடைக்கிறார்கள் என்று காதில் விழுந்ததும், செட்டியார்பட்டியிலிருந்து கிளம்பி ராஜபாளையத்தில் பஸ் மாறி அவளே வந்துவிட்டாள்.

அவள் மகனுடைய சுவர் அது. பட்டாளத்தில் இருந்த முத்துப்பாண்டி, பனிமலையில் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். அவனுடைய முதல் திதிக்கு அவள் செய்த உபயம்தான் அந்தச் சுவரின் சிமெண்ட் பூச்சு. 'முத்துப்பாண்டி நினைவாக' என்று சிமெண்டிலேயே எழுத்தைப் புடைப்பாக எடுத்திருந்தார்கள். அதன்பிறகு தெற்குச் சுவர் என்கிற பேச்சே மடத்தில் போய்விட்டது. "முத்துப்பாண்டிக்கிட்ட பாயப் போடு, காத்து வரும்" என்பார்கள் யாத்திரைக்காரர்கள். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல யாருக்கும் நாக்கு எழுவதில்லை. அதைக் காதால் கேட்பதற்காகவே ஆடிக்கு ஆடி வந்து, ஒரு பகல் முழுக்க அங்கே உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

"மேல கல்லு மாதிரித்தான இருக்கு?" என்று எழுத்துக்குக் கீழே தட்டினாள். காலிப் பானையைத் தட்டிய சத்தம் வந்தது.

"தோலு நல்லாத்தான் இருக்கு மதினி, உள்ள ஆளுதான் இல்ல" என்றார் குருசாமி. அன்று பூசிய கொத்தனார். இப்போது வெளியே மணல் குவியலின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"வாய மூடுலே. பூசுன கை யாரு கை?"

"பூசச் சொன்ன வாயி யாரு வாயி? கடுக்காத்தண்ணி விட்டுச் சுண்ணாம்பு அரைச்சுப் பூசுனா ரெண்டு மாசமாகும்னு எம்புட்டு சொன்னேன்! திதிக்குப் பதினெட்டு நாளுதான் கெடக்கு, அதுக்குள்ள எம்பிள்ள பேரு சொவத்துல நிக்கணும்னு நீங்கதான சொன்னிய?"

சொன்னாள்தான்.

அனுக்ரஹா நடுவில் புகுந்தாள். "தரையில இருந்து ஈரம் மேல ஏறும்மா. சுண்ணாம்புன்னா அதுவழியா வெளிய போயிரும். சிமெண்ட் விடாது. ஈரத்தோட வந்த உப்பு உள்ளயே தங்கி, செங்கல்லப் பொடியாக்கிடுச்சு. வருசாவருசம் வெள்ளையா உப்புப் பூத்திருக்குமே?"

"பூக்கும். பேருமேலயே பூக்கும்."

"என்ன செஞ்சீங்க?"

"சொரண்டிட்டு மேல இன்னொரு கோட்டு சிமெண்ட் பாலு."

"மொத்தம் எத்தனை?"

குருசாமி விரல் மடக்கத் தொடங்கினார். "ஏழு" என்றாள் வெள்ளத்தாய். பெயர்மேல் வெண்மை படிந்திருப்பதைக் கண்டுவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஏழு முறையும் பக்கத்தில் நின்று, ஒரு நூல் இடம் விடாமல் அடைக்க வைத்திருந்தாள்.

"இப்ப உரிச்சுட்டுச் சுண்ணாம்பே பூசுவமே தாயி. எம்புட்டு நாளானாலும் ஆகட்டும். இப்ப எனக்கு அவசரமில்ல."

"உரிச்சா செங்கல்லும் கூடவே வந்துரும்மா. உரிக்காம விட்டாலும் அரிக்கிறது நிக்காது. ஐப்பசி மழைக்கு முன்னாடி சுவரை இறக்கிறணும்."

"வேற வழியே இல்லியா?"

"இருந்தா சொல்லியிருப்பேன்."

பிறகு அனுக்ரஹா வடக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். அதில் இன்னும் பழைய சுண்ணாம்புதான். வேறொரு குடும்பத்து உபயமாகத் திங்கட்கிழமை அங்கே சிமெண்ட் வேலை தொடங்குகிறது. குருசாமியின் மணல் அதற்காக வந்ததுதான். "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல என் ரிப்போர்ட்டை வாசிக்கிறாங்க. இந்தச் சுவரைக் கெடுத்தது சிமெண்ட்தான்னு தெரிஞ்சா அதையாவது நிறுத்திரலாம்" என்று சொல்லிவிட்டு நோட்டை விரித்தாள்.

"அப்ப எம்பொழப்பும் போச்சா?" குருசாமி வேட்டியை உதறிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார்.

சுவர் போனாலும் பெயர் போகாது என்பது வெள்ளத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. வெறுந்தரையில் பாய் விரிக்கிற சனம் அடுத்த ஆடியிலும் அந்தப் பெயரைச் சொல்லும். முத்துப்பாண்டி பூச்சுதான் மடத்தைத் தின்றது என்று சொல்லும். அதற்கடுத்த ஆடியிலும் சொல்லும்.

அனுக்ரஹா ஒரு வரி எழுதி முடித்திருந்தாள். வெள்ளத்தாய்க்கு அதை வாசிக்கத் தெரியாது. அருகில் போய், சிவந்த கையால் நோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மழையில ஊறி இத்துப்போச்சுன்னு எழுதிருங்களேன் தாயி. நீங்க எழுதுனா அவிய நம்புவாவ."