சிவந்துபோன உத்தரவு

கன்னையாவுக்கு அன்றைக்கு என்ன சனி பிடித்ததோ! பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே தொழிலாளர் குடியிருந்த லயத்து அம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பது ஒன்பது வருஷமாக அவன் பொறுப்பு. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்பு ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பான். கேட்க வந்தவர் ஒரு பொட்டலத்தை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் பேச்சு அதோடு முடிந்தது.

அன்று வீரம்மாவின் மகள் தனலெட்சுமியின் சம்பந்தத்துக்கு உத்தரவு கேட்கவேண்டும். கிள்ளான் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் காலை ரயிலில் வருவதாக ஏற்பாடு. மழையில் கோயில் நந்தியாவட்டை அத்தனையும் உதிர்ந்து சேறாகிக் கிடந்தது. சரி போ என்று, துரை வீட்டு வேலியில் பூத்திருந்த புதுச் செடியிலிருந்து வெள்ளையாக ஒன்றைப் பறித்தான். சிவப்புக்கு எப்போதும்போல அடுக்குச் செம்பருத்தி. இரண்டையும் காலையிலேயே மடித்து வைத்துவிட்டான்.

வழியில் தண்டவாளம் முழுக்க வெள்ளம். அவர்கள் வந்து சேர மணி நாலாகிவிட்டது. மாப்பிள்ளையின் தாய் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு!

"அம்மா மனசு வைக்கலையே," என்றான் கன்னையா, எல்லார் முன்னாலும். வந்தவர்கள் வெற்றிலையைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். தனலெட்சுமி ஓவென்று அழுதாள்.

மறுநாள் காலை அதே வேலியோரம் வந்தவன் திகைத்து நின்றான். ஒரே செடியில் வெள்ளையும் சிவப்பும்.

"அதுவாண்ணே?" என்றார் தோட்டக்காரர் அப்துல் கனி. "இதுவும் செம்பருத்தி சாதிதான். மத்த செம்பருத்திக்கு மொட்டுலயே சாயம் ஊறிடும். இதுக்குப் பொழுது ஏற ஏறத்தான் ஊறும். காலையில வெள்ளை, மத்தியானம் ரோசு, அந்திக்குள்ள நல்ல சிவப்பு. பறிச்சு வெச்சாலும் மாறும்லா."

கன்னையா கோயிலுக்கு ஓடினான். பிரிக்காத பொட்டலத்தைப் பிரித்தான். அதிலும் சிவப்பு! அம்மனே வந்து எடுத்திருந்தாலும் வேறு வந்திருக்காது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்போதே உண்மையைச் சொன்னால் கிள்ளானுக்கு ஆள் அனுப்பலாம், காரியம் கூடிவிடும் என்று நேரே வீரம்மா வீட்டுக்கு நடந்தான்.

அவன் வாயைத் திறக்குமுன் வீரம்மா காலில் விழுந்தாள்.

"அண்ணே, ஆகாத இடத்துல பிள்ளையத் தள்ளியிருப்பேன். உங்க கையால அம்மா தடுத்துட்டா!"

உள்ளே தனலெட்சுமி விசும்புவது கேட்டது. நாக்கு நுனிவரை வந்த சொல்லை விழுங்கினான், பாவி. "நல்லா இரும்மா," என்று வீரம்மாவின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, தலை நிமிராமல் படியிறங்கினான்.