காலண்டரில் இருந்த தோல் டாக்டர்

என் மகன் தருண்குமாருக்கு ஆறு மாதம் ஆனபோது இரண்டு கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவந்து தடித்து, செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. ஒரே வாரத்தில், சிவகாசியில் எத்தனை மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துபோனது. பால்காரர் ஒரு மருத்துவர். மாடி வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் இன்னொருவர். தேங்காய்ப்பால் தேய்க்கச் சொன்னவரும், தேங்காய்ப்பால் பக்கமே போகக் கூடாது என்றவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து என் கையால் காபி வாங்கிக் குடித்தார்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கும் என் சித்தப்பா இசக்கிப்பாண்டி, தீக்காயத்துக்குப் போடும் களிம்பைப் பெரிய டப்பாவில் கொண்டுவந்து வைத்தார். எங்கள் பக்கம் தோலில் எது வந்தாலும் அதுதான் மருந்து. எல்லார் வீட்டிலும் இருக்கும், ஏன் இருக்கிறது என்றுதான் யாரும் கேட்க மாட்டார்கள்.

பிள்ளை சொறிந்துகொண்டே இருந்தான். கைக்கு உறை மாட்டினால் கன்னத்தை விரிப்பில் தேய்த்தான். காலையில் விரிப்பில் சின்னச் சின்ன ரத்தப் பொட்டுகள் இருக்கும். ஒரு நல்ல தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன்.

மாமனார் தங்கச்சாமி ஆள்காட்டி விரலால் சுவரைக் காட்டினார். அங்கே தொங்கிய காலண்டர் அட்டையில் மயில்மேல் முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே, "டாக்டர் லட்சுமிகாந்தம், குழந்தைகள் தோல் நோய் சிறப்பு மருத்துவர்" என்று இருந்தது.

எங்களுக்குக் காலண்டர் பிரஸ். மாமனார் முதலாளி, என் கணவர் ராம்குமார் மிஷினைப் பார்க்கிறார், நான் புரூஃப் பார்க்கிறேன். நாங்கள் அடிப்பது நாளுக்கொரு தாள் கிழிக்கிற காலண்டர். தாள் குப்பைக்குப் போனாலும் அட்டை வருஷம் முழுக்கச் சுவரில் நிற்கும். அதில் கடைக்காரரோ டாக்டரோ தன் பெயரைப் போட்டு ஊருக்கு இலவசமாகக் கொடுப்பார். மாமனாரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே ஜாதி. நம்ம பார்ட்டி, அடுத்த பிரஸ்ஸின் பார்ட்டி. இருதய ஆபரேஷன் என்றாலும், டாக்டர் எங்கே காலண்டர் அடிக்கிறார் என்று விசாரித்துவிட்டுத்தான் படுப்பார். லட்சுமிகாந்தம் இரண்டாயிரம் அட்டை அடித்த பார்ட்டி. அவரை விட்டுவிட்டு விருதுநகர், மதுரை என்று அலைந்தால் அவர் மனசு என்ன பாடுபடும் என்று மாமனார் கவலைப்பட்டார். பிள்ளையின் கன்னம் படும் பாடு தனி.

லட்சுமிகாந்தம் எங்களை வரிசையில் உட்கார வைக்கவில்லை. பிள்ளையை அரை நிமிடம் பார்த்தார். அடுத்த வருஷத்துக்கு எந்தச் சாமி எடுப்பாக இருக்கும் என்று மாமனாரோடு கால் மணி நேரம் பேசினார். பிறகு ஒரு ட்யூப் எழுதிக் கொடுத்தார்.

மூன்றே நாளில் கன்னம் பளபளவென்று ஆகிவிட்டது. மாமனார் தானே வைத்தியம் பார்த்தவர் மாதிரி தெருவில் நடந்தார். ட்யூப் தீர்ந்த நாலாம் நாள், எல்லாம் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. மறுபடி போனோம், கொஞ்சம் பவர் கூடின ட்யூப் கிடைத்தது. மூன்று மாதம் இப்படியே போனது. கன்னத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே ரத்த நரம்பு தெரிந்தது. அவன் சிரித்தால் கன்னம் வெடித்தது. பெற்ற பிள்ளைக்குச் சிரிப்புக் காட்டப் பயந்த தாய் நானாகத்தான் இருப்பேன்.

ஒருநாள் அந்த மருந்துச் சீட்டை நிதானமாகப் படித்தேன். பெயருக்குப் பின்னால் எம்.பி.பி.எஸ். என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. சிறப்பெல்லாம் காலண்டரோடு சரி. பிரஸ்ஸுக்குப் போய், கம்ப்யூட்டரில் டிசைன் செய்யும் முனியராஜிடம் அந்தக் காலண்டர் அட்டையின் ஃபைலை எடுக்கச் சொன்னேன்.

அவன் தலையைச் சொறிந்தபடி விஷயத்தைச் சொன்னான். சீசன் நேரத்தில் ஒவ்வொரு டாக்டருக்கும் யார் புதிதாக டிசைன் செய்கிறார்கள்? பழைய டாக்டர் ஃபைலை எடுத்து, பெயரையும் போன் நம்பரையும் மாற்றுவதுதான் வழக்கம். லட்சுமிகாந்தத்துக்கு எடுத்தது விருதுநகரில் இருக்கும் டாக்டர் ஹஸ்னாவின் ஃபைல். அந்தம்மா நிஜமாகவே தோல் டாக்டர். பெயரும் நம்பரும் மாறிவிட்டன. கீழே இருந்த வரி மாறவில்லை.

லட்சுமிகாந்தம் புரூஃபைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பாத்தாகக்கா. அந்த வரி நல்லாருக்கு, கொஞ்சம் பெருசாப் போடுங்கன்னு சொன்னாக."

ஆக, ஐந்து வருஷம் படித்து வாங்கிய பட்டத்துக்கு மேலே ஒரு பட்டத்தை எங்கள் பிரஸ் அரை மணி நேரத்தில் கொடுத்திருக்கிறது. முனியராஜ் அந்த ஆர்டரின் கவரைத் திறந்து புரூஃபை எடுத்தான். டாக்டரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் "ஓகே" என்று இன்னொரு கையெழுத்து. என்னுடையது. மூன்று மாதப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு புரூஃப் பார்த்த நாட்கள் அவை. நம்பர் சரி, பெயர் சரி, வரியிலும் பிழை இல்லை. அது யாருடைய வரி என்று நான் பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது.

மறுநாளே விருதுநகர் போனேன். டாக்டர் ஹஸ்னா பிள்ளையை மடியில் வாங்கி, கன்னத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். இது எக்ஸிமா, நிறையக் குழந்தைகளுக்கு வருவது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். ட்யூபைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அது வீரியமான ஸ்டீராய்டு என்றும், பச்சைப் பிள்ளையின் முகத்தில் இத்தனை நாள் போடவே கூடாது என்றும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்றும் சொன்னார். இதை எழுதிக் கொடுத்தவரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று கேட்டார். காலண்டரைப் பார்த்துப் போனோம் என்றேன். யார் அடித்த காலண்டர் என்று சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு மாதத்தில் கன்னம் தேறியது. ஆடியில் அடுத்த வருஷக் காலண்டர் சீசன் ஆரம்பித்தது. லட்சுமிகாந்தம் இந்த முறை ஐயாயிரம் அட்டை கேட்டார், ஒரு எழுத்தும் மாறாமல் அதே மேட்டர். புரூஃப் என் மேஜைக்கு வந்ததும் அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்தேன்.

"அந்த வரிக்காகத்தாம்மா அவரு காலண்டரே போடுதாரு. அத எடுத்தா பார்ட்டி போயிரும்" என்றார் மாமனார்.

"போகட்டும் மாமா."

பார்ட்டி போய்விட்டார். அடுத்த தெரு பிரஸ் அடித்த அட்டையில் அந்த வரியோடு அழகு சிகிச்சையும் சேர்ந்துகொண்டது என்று கேள்விப்பட்டேன். மாமனார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, வீடு நிம்மதியாக இருந்தது. நான் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் நாள், பிரஸ்ஸில் அட்டை ஓரத்தில் தகரப் பட்டை அடிக்கும் முத்துப்பேச்சி அரைநாள் லீவு கேட்டு வந்தாள். இடுப்பில் அவளுடைய ஒரு வயது மகள், தலையோடு துண்டு போர்த்தியிருந்தது. எங்கே போகிறாய் என்று கேட்டேன். லட்சுமிகாந்தம் டாக்டரிடம், மருந்து தீர்ந்துவிட்டது என்றாள்.

"அவரு தோல் டாக்டர் இல்ல, முத்துப்பேச்சி."

"என்னக்கா சொல்லுதீக? நம்ம காலண்டர்ல போட்டிருக்குல்ல. போன வருசம் நாந்தான் தகரமே அடிச்சேன்."

"அது மாறி விழுந்த வரி. பாத்து ஓகே போட்டது நாந்தான்."

அவள் மெதுவாகத் துண்டை விலக்கினாள். பிள்ளையின் கன்னத்தில் நரம்பு தெரிந்தது.

"ஏழு மாசமாத் தேய்க்கேனேக்கா" என்றாள்.

பிள்ளையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு விருதுநகர் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அவள் பின்னால் வந்தாள். வழியில் இருந்த டீக்கடையிலும், மருந்துக் கடையிலும், பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் அறையிலும் அந்த முருகன் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.